மலைச்சரிவில் முதல் கிராம்புத் தோட்டம்

கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இருபூ நெல் கண்டு பழகிய நாஞ்சில் நாட்டு விவசாயி ஒருவர், பேச்சிப்பாறைக்கும் கீரிப்பாறைக்கும் அப்பால் மலையேறி, மேகம் வந்து தங்கும் சரிவு ஒன்றில் முதன்முதலாகக் கிராம்பு வைக்க எண்ணங்கொள்வாரானால், அவர் புதிதாகக் கற்க வேண்டியவற்றுள் தலையானது காலத்தைப் பற்றிய கணக்கே ஆகும். நெல் சில மாசங்களில் தன் பலனைக் கொடுத்துவிட்டு வயலைக் காலி செய்துவிடும். கிராம்போ, நட்டு ஏழெட்டு வருஷங்கள் சென்ற பின்னரே சாமான்யமாக முதல் மொட்டைக் காட்டும். முழுப் பலனுக்கு வரப் பதினைந்து முதல் இருபது வருஷங்கள் பிடிக்கும். அதன்பின் நட்டவருடைய பேரப்பிள்ளைகளின் காலம் வரையிலும் நின்று கொடுக்கும். இத்துணை நீண்ட ஆயுள் வாய்ந்த இம்மரத்தின் விதி, அது மலைமண்ணில் ஊன்றப்பட்ட பின் வருகின்ற முதல் மூன்று கோடைகளுக்குள் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது என்பதைப் புதிதாகத் தொடங்குவோர் உணர்வதில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்றைத் தேடி அலைவதே முதல் வேலை என்று எண்ணுகிறார்கள். முதல் வேலை நிழலைத் தேடுவது. இரண்டாவது வேலை நீரைத் தேடுவது. நாற்று மூன்றாவதாகத்தான் வர வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையை வற்புறுத்துவதற்காகவே எழுதப்படுகிறது.

கிராம்பு இம்மலைகளின் ஆதிக்குடி அன்று. கீழ்க்கடலில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்கத் தீவுகளே அதன் பிறப்பிடம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர், விலை தங்கள் கையைவிட்டுப் போகாதிருக்கும் பொருட்டு, தாங்கள் விதித்த எல்லைக்கு வெளியே நின்ற கிராம்பு மரங்களையெல்லாம் வெட்டி வீழ்த்தினார்கள். 1770-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சுக்காரரான பியேர் புவாவரின் முயற்சியால் நாற்றுகள் மொரீஷியஸ் தீவை அடைந்த பிறகே அந்த ஏகபோகம் குலைந்து, பின்னர் சான்சிபாரும் பெம்பாவும் கிராம்புத் தீவுகளாயின. நம் தேசத்தில் 1800-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அமைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்திலே அது முதன்முதலாக வேரூன்றிற்று. அங்கே அது பிழைத்துக் காய்த்ததைக் கண்ட பின்னர், 1850-க்குப் பிற்பட்ட காலத்தில், நீலகிரியின் பர்லியாருக்கும் தென் திருவிதாங்கூரின் மலைச்சரிவுகளுக்கும் அது பரவியது. அந்தத் தென் திருவிதாங்கூர்ச் சரிவுகளே, 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது நம்மோடு வந்து சேர்ந்த மாறாமலை, பாலமோர், வீரப்புலிப் பகுதிகள். இன்று இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு இந்தச் சிறு மாவட்டத்தின் மலைகளிலிருந்தே இறங்குகிறது. 2021-ஆம் ஆண்டு ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வரலாற்றைச் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. மொலுக்கத் தீவுகளையும் குற்றாலத்தையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால் இம்மரத்தின் ஸ்வபாவம் விளங்கிவிடும். வருஷத்தில் பல மாசங்களுக்குப் பரவலாகப் பெய்யும் மழை, காற்றில் எப்போதும் நிற்கும் ஈரம், கொளுத்தாத வெயில், இலைமக்கு நிறைந்து நீர் வடியும் மண் — இவை நான்கும் கூடிய இடத்தையே அது விரும்புகிறது. குளிர்ச்சி வேண்டும், ஆனால் உறைபனி அதற்கு ஆகாது. நீலகிரியிலும்கூட உறைபனி விழும் உதகையை விட்டு, கீழே பர்லியாரிலேதான் அது தங்கியது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம் வரை கிராம்பு வளரும் என்று நூல்கள் கூறினும், நம் மாவட்டத்தில் அது செழித்திருப்பது ஏறக்குறைய 400 முதல் 900 மீட்டர் வரையுள்ள சரிவுகளிலேயே. மழை வருஷத்துக்கு 150 முதல் 250 சென்டிமீட்டர் வரை இருத்தல் நலம். இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும், துலாமாசத்தில் வரும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டையும் பெறுகின்ற பாக்கியம் இம்மலைகளுக்கு உண்டு. தமிழகத்தின் பிற மலைகளில் நடுபவருக்கு எளிதில் வாய்க்காத இந்த இரட்டை மழையே நம் கிராம்பின் மூலதனம் என்று நான் கருதுகிறேன்.

எனினும் இம்மாவட்டத்து மலையெல்லாம் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயின் பக்கம் காற்று வறண்டு வேகமாக வீசும். முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சாட்சி. அத்திசையை நோக்கித் திறந்து கிடக்கும் சரிவு எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் கிராம்புக்கு வாங்கற்க. கிராம்பு மரத்தின் வேர்கள் ஆழமாக இறங்குவதைவிட மேல்மண்ணில் அகலமாகப் பரவுவதே வழக்கம். அதன் கிளைகளோ எளிதில் முறிபவை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தை ஒட்டிக் கடந்தபோது ரப்பரும் வாழையும் பிற மரங்களும் எவ்வாறு சாய்ந்து கிடந்தன என்பதைக் கண்டவர்களுக்கு, காற்று மறைவின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் மலையின் மடிப்புக்குள், மேற்புறத்திலும் பக்கங்களிலும் உயர்ந்த மரங்கள் காவலாக நிற்கும் இடத்தைத் தேர்ந்துகொள்க. மழை நின்று ஒருநாள் கழித்து அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். காலடிப் பள்ளத்தில் நீர் தேங்கி நின்றால் அந்த மூலையை விட்டுவிடுக. தேங்கும் நீர் கிராம்பின் வேரைக் கொல்லும். கறுத்து ஆழ்ந்த காட்டு மண் உத்தமம். நீர் வடியும் செம்மண்ணும் தொழுவுரம் இட்டால் பழுதில்லை.

நிலத்தை வாங்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. இதில் அலட்சியமாக இருந்துவிடலாகாது. மலைநிலம் பலவும் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அத்தகைய நிலத்தை மாவட்டக் குழுவின் முன் அனுமதியின்றி விற்கவோ, அதிலுள்ள மரங்களை வெட்டவோ இயலாது. அருகில் காப்புக்காடும் வனவிலங்குச் சரணாலயமும் இருப்பதால் எல்லைத் தகராறுகளும் எழக்கூடும். கிராம நிர்வாக அலுவலரிடத்தும் வனச்சரக அலுவலகத்திலும் புல எண்ணைக் கொடுத்து எழுத்துமூலமாகப் பதில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுத்தல் விவேகம். நிலத்தோடு கூட ஒரு வற்றாத ஊற்றோ ஓடையோ உண்டா என்பதை மாசி பங்குனியில் நேரில் சென்று பார்த்தே அறிய வேண்டும். ஐப்பசியில் எந்த ஓடையிலும் நீர் ஓடும்.

இனி நிழல். நடும் வருஷத்துக்கு முந்திய வருஷமே நிழல் ஏற்பாடு தொடங்க வேண்டும். பழைய காப்பித் தோட்டமோ மரநிழல் உள்ள மிளகுத் தோட்டமோ கிடைத்தவர் பாக்கியசாலிகள். அங்கே நிற்கும் முருக்கையும் பலாவையும் சில்வர் ஓக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, இடைவெளிகளில் கிராம்பை நடலாம். மொட்டை நிலமாக இருப்பின், நாற்றுக்கு வகுத்த ஒவ்வொரு குழியின் மேற்கிலும் தெற்கிலும் வாழை வைப்பது நம் வழக்கத்துக்கும் கைக்கும் ஏற்றது. இம்மாவட்டத்துக்கே உரிய மட்டி வாழை இதற்கு நன்றாகப் பொருந்தும். நிழலும் ஆயிற்று, கிராம்பு காய்க்கும் வரையுள்ள வெறும் வருஷங்களில் கைச்செலவுக்குச் சிறு வருவாயும் ஆயிற்று. முழு இருள் வேண்டியதில்லை. இலைகளின் இடையே வெயில் புள்ளிபுள்ளியாக விழும் அளவே போதும். மரம் வளர வளர நிழலைக் கழித்துக்கொண்டே போக வேண்டும்.

நிழலும் நீரும் உறுதியான பின்னர் நாற்றைப் பற்றி யோசிக்கலாம். அடுக்களைக் கிராம்பை மண்ணில் ஊன்றினால் முளைக்குமா என்று கேட்பவர் இன்றும் உண்டு. அது முளையாது, ஏனெனில் அது விதையன்று, மலராத மொட்டைப் பறித்து உலர்த்தியது. மொட்டைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டால் அது பூத்து, சில மாசங்களில் ஓர் அங்குல நீளமுள்ள கருஞ்சிவப்புப் பழமாகும். அப்பழத்துக்குள் இருப்பதே விதை. நன்றாகப் பழுத்துத் தானே உதிர்ந்த பழங்களை, ஒழுங்காக வருஷாவருஷம் காய்க்கும் மூத்த மரங்களின் அடியிலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். இவ்விதையைச் சேமித்துவைக்க முடியாது; சாதாரண நிலையில் ஒரு வாரத்துக்குள் அதன் முளைக்கும் சக்தி போய்விடும். ஆகவே பழம் கைக்கு வந்த அன்றிரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் தோலைத் தேய்த்து நீக்கி, உடனே விதைத்துவிடுதல் அவசியம். தோல் நீங்கிய விதைகளுள் இளஞ்சிவப்பான முளைக்கூர் எட்டிப்பார்ப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை இரக்கமின்றி ஒதுக்கிவிடுக.

ஒரு மீட்டர் அகலமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேட்டுப்பாத்தியில், மணலும் மக்கிய சாணமும் கலந்த பொலபொலப்பான மண்ணில், இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விதையை அழுத்தி மூடி, மேலே தென்னோலைப் பந்தல் போட வேண்டும். முதல் முளை பத்துப் பதினைந்து நாளில் தலைகாட்டும். கடைசி முளை வர நாற்பது நாளும் ஆகலாம். முளைத்த பின்னர் நாற்று மெத்தனமாகவே வளரும். ஆறு மாசத்தில் அது ஒரு சாண் உயரம் வந்திருந்தாலே திருப்தி கொள்ளலாம். அப்போது அதைப் பாத்தியிலிருந்து எடுத்து, மண் மூன்று பங்கு, மணல் மூன்று பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பிய பைகளுக்கு மாற்றி, மீண்டும் நிழலிலேயே வைத்திருந்து, மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு வருஷம் நிறைந்தபின் தோட்டத்துக்கு அனுப்பலாம். இவ்வளவு பிரயாசை வேண்டாம் என்போர் நாற்றை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே சென்று கேட்டறிவது நல்லது. எங்கே வாங்கினும், வயதைக் கேளாமல் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குதல் தவறு. இருண்ட நிழலில் வைத்து நெடுக வளர்த்த மெலிந்த நாற்று, மலைக்காற்றில் முதல் மாசத்திலேயே தலைசாயும். தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகிப் பளபளக்கும் குட்டை நாற்றே கொள்ளத்தக்கது.

குழி அறுபது முதல் எழுபத்தைந்து சென்டிமீட்டர் வரை நீள அகல ஆழம் சமமாக இருக்கட்டும். குழிக்குக் குழி ஆறு முதல் ஏழு மீட்டர் இடைவெளி விடுக. ஏழு மீட்டர் என்றால் கை அரிக்கும்; இவ்வளவு இடத்தை வீணாக்குவானேன் என்று தோன்றும். பதினைந்தாம் வருஷத்தில் கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஏணி வைக்க இடமின்றிப் போகும்போதுதான் அந்த இடைவெளியின் நியாயம் புலப்படும். சித்திரையிலேயே குழி எடுத்து ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்பிவிட வேண்டும். நடவு, இடவப்பாதி மழை நன்றாகப் பிடித்த பின் ஆனியில் செய்வது மலைச்சரிவுக்கு ஏற்றது. நீர் நிற்கக்கூடிய தாழ்வான பகுதிகளில் மட்டும் புரட்டாசி ஐப்பசி வரை பொறுத்திருக்கலாம். ஆனியில் நட்ட கன்று, இரண்டு பருவமழையையும் குடித்து வேர் பரப்பிய பின்னரே முதல் கோடையைச் சந்திக்கிறது என்பதே அதன் அனுகூலம். பைமண் உடையாமல் இறக்கி, முன்பிருந்த மண்மட்டத்துக்கு மேல் தண்டு புதையாதபடி ஊன்றி, சரிவின் கீழ்ப்புறத்தில் பிறைவடிவமாகக் கரை கட்டிவிடுக. பக்கத்தில் ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுக.

இப்போது முதல் மூன்று கோடைகள் வருகின்றன. தை பிறந்து மழை ஓய்ந்தது முதல் வைகாசி வரை, மலையென்றும் பாராமல் வெயில் ஏறும், மேல்மண் காயும், வேர்களோ மேல்மண்ணிலேயே இருக்கின்றன. கிராம்புக் கன்று வாடுவதை வெளிக்காட்டும்போது காலம் கடந்திருக்கும். அதன் இலை தடித்துப் பளபளப்பாக இருப்பதால், உள்ளே ஈரம் வற்றியது பல நாள் தெரியாது. ஒருநாள் நுனிக்கொழுந்து கருகித் தொங்கும். பிறகு எவ்வளவு நீர் ஊற்றினும் மீளாது. ஆகையால் இலையைப் பார்த்து நீர் ஊற்றலாகாது. மண்ணைப் பார்த்து ஊற்ற வேண்டும். விரலைக் கன்றின் அடியில் இரண்டு அங்குலம் செருகிப் பார்த்து, ஈரம் படவில்லையாயின் அன்று மாலையே நீர் தேவை. கார்த்திகை மார்கழியில் மழை விடைபெறும் சமயத்திலேயே, காய்ந்த இலைகளையும் வாழைச் சருகையும் கன்றைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிவிடுக. தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடைவெளி விடுக, இல்லையேல் தண்டு அழுகும். மேற்கு வெயில் விழும் பக்கத்தில் ஓலைத்தட்டி ஒன்றைச் சாய்த்துவைப்பது, அற்பமாகத் தோன்றினும், பல கன்றுகளைக் காக்கும். மண்வெட்டியால் அடியைக் கொத்திக் கிளறும் வழக்கத்தை நெல்வயலோடு விட்டுவிட வேண்டும். களையைக் கையால் பிடுங்குவதும் அரிவாளால் அரிவதுமே இங்கு முறை. மூன்று கோடைகளைக் கடந்து நாலாவது ஆனியைக் கண்ட கன்றைப் பற்றித் தோட்டக்காரருக்குள்ள கவலையில் பாதி குறைந்துவிடும். மலையில் வசிக்காமல் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று திட்டமிடுபவர், இம்மூன்று வருஷத்துக்கேனும் தோட்டத்தில் தங்கும் நம்பிக்கையான ஆள் ஒருவரை அமர்த்திய பிறகே நடவைத் தொடங்குக.

உரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷக் கன்றுக்குப் பதினைந்து கிலோ தொழுவுரமும், யூரியா 40 கிராம், சூப்பர் பாஸ்பேட் 110 கிராம், பொட்டாஷ் 80 கிராமும் போதும்; பதினைந்து வயது மரத்துக்குத் தொழுவுரம் 50 கிலோவும், தழைச்சத்து 300, மணிச்சத்து 250, சாம்பல்சத்து 750 கிராமும் ஆகும்படி வருஷந்தோறும் படிப்படியாக உயர்த்துக. இரசாயன உரத்தை இடவப்பாதியின் தொடக்கத்திலும் புரட்டாசி ஐப்பசியிலுமாக இரண்டு தவணையாக்கி, அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து இட்டு மூடுக. நோய்களுள் இலைப்புள்ளியும் மொட்டு உதிர்தலும் மழைக்காலத்தில் தோன்றும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, நூறு லிட்டர் நீர் என்ற அளவில், உலோகம் அல்லாத பாத்திரத்தில் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பது நெடுங்காலமாகக் கைகண்ட பரிகாரம். தண்டின் அடியில் மரத்தூளைப் போன்ற எச்சம் ஒட்டியிருந்தால், அங்கே தண்டு துளைக்கும் புழு குடியிருக்கிறது என்று அறிக; இலை வெளுத்து உதிருமுன் கம்பியால் குத்தி எடுத்துவிடலாம். அடிப்புறத்தில் களை மண்டவிடாமையே அதற்கு முன்காப்பு.

ஏழாம் வருஷமோ எட்டாம் வருஷமோ, புதுத் தளிர்களின் நுனியில் கொத்துக்கொத்தாக மொட்டுகள் தோன்றும்போது, இதுவரை பொறுத்தவர்கள்கூட அவசரப்படுகிறார்கள். மொட்டு தோன்றியது முதல் பறிக்கும் பக்குவம் அடைய நான்கு முதல் ஆறு மாசம் செல்லும். சமவெளியில் புரட்டாசி ஐப்பசியும், உயர்ந்த மலையில் மார்கழி முதல் மாசி வரையும் பறிப்புக் காலம். மொட்டு பருத்து, அதன் பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கும் சமயமே பக்குவம்; இதழ் விரிந்துவிட்டால் தலை உதிர்ந்து மதிப்புக் கெடும், பச்சையாகவே பறித்தால் உலர்ந்தபின் சுருங்கி எடை குறையும். ஒரே கொத்தில்கூட எல்லா மொட்டும் ஒருங்கே பக்குவமாவதில்லை. ஆகவே ஒரு மரத்தையே பல நாள் இடைவிட்டுச் சுற்றிவர நேரும். கொத்தைக் காம்போடு கையால் கிள்ளி எடுக்க வேண்டுமேயன்றிக் கிளையை வளைத்து இழுக்கக் கூடாது. அடுத்த பருவத்து மொட்டும் அதே கிளைகளின் நுனியில்தான் வரவேண்டியிருக்கிறது. மரம் ஏறுவோரின் உயிரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கிராம்பு மரத்தின் கிளை பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் திடீரென முறியும் இயல்புடையது. ஈரக்காலையில் அடிமரம் வழுக்கும். மூங்கில் ஏணியை அடிமரத்தோடு கயிற்றால் பிணைத்து, ஏறுபவரின் இடுப்புக்கும் கயிறு கட்டாமல் ஒருவரையும் மேலே அனுப்பாதீர்கள். கூலி பேசும்போதே இச்செலவையும் சேர்த்துக் கணக்கிடுக.

பறித்த கொத்துகளை அன்று மாலைக்குள் காம்பு நீக்கிப் பிரித்து, மெல்லிய படலமாகப் பரப்பிவிட வேண்டும். ஈரமொட்டைச் சாக்கில் கட்டி ஓரிரவு வைத்தால் அது புழுங்கி, வெளுத்துச் சுருக்கம் விழுந்து, வாசனையும் கெட்டு, வியாபாரியின் கையில் கழிவுவிலைக்குப் போகும். நல்ல வெயிலில் பாயிலோ தார்ப்பாயிலோ நான்கைந்து நாள் காய வேண்டும். இரவில் பனியும் மலைமூடுபனியும் படாதபடி மூடுக. மலைமேல் வெயில் சரியாக விழாத இடத்தவர், தடிக்காரன்கோணம் போன்ற அடிவாரத்து ஊர்களுக்கு இறக்கிக் காயவைப்பது சௌகரியம். மூன்று கிலோ ஈரமொட்டு ஏறக்குறைய ஒரு கிலோவாக வற்றும். ஒரு கிலோவில் 11,000 முதல் 15,000 கிராம்பு வரை நிற்கும் என்றால், அதில் அடங்கிய கைவேலையை வாசகர் ஊகிக்கலாம். காம்புப்பகுதி கரும்பழுப்பாகவும் தலை சற்று வெளுத்த பழுப்பாகவும் மாறி, வளைத்தால் சொடுக்கென்று ஒடிந்தால் காய்ந்தது என்று கொள்க. நகத்தால் அழுத்தியதும் எண்ணெய் கசிய வேண்டும். நீரில் இட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் இழந்தது படுத்து மிதக்கும்.

ஒரு வருஷம் மரம் நிறையக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஓய்ந்து குறைவாகக் கொடுப்பது கிராம்பின் இயல்பு. இதனால் முதல் நல்ல மகசூலை வைத்து வருமானத்தைக் கணக்கிட்டுக் கடன் வாங்கலாகாது. தொடர்ந்து நாலைந்து வருஷத்துக் கணக்கை எழுதிவைத்துச் சராசரி காண்க. நன்கு உலர்ந்த கிராம்பைக் காற்றுப் புகாத பாத்திரத்தில், ஈரம்படாத அறையில் வைத்தால் நெடுநாள் கெடாது. எல்லாத் தோட்டத்துச் சரக்கும் ஒருங்கே இறங்கும் மாசியில் கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. பிரித்தெடுத்த காம்புகளையும் எறிந்துவிட வேண்டாம். அவற்றிலும் எண்ணெய் உண்டாகையால், தனியே உலர்த்தித் தனிச் சாக்கில் கட்டி வைத்தால் எண்ணெய் வடிப்போர் வாங்கிக்கொள்வார்கள். கிராம்போடு காம்பைக் கலந்து எடை கூட்டுவதைமட்டும் செய்யாதீர்கள்; தரம் பார்க்கும் வியாபாரியின் கண்ணுக்கு அது முதலில் படும், மூட்டை முழுவதற்கும் விலை குறையும்.